அடுப்புப் பக்கம், கதவுப் பக்கம்

முன்தூரம் 120 கி.மீ. நிறுத்தம்: உப்புப் பள்ளம்

தேநீர் டம்ளரில் சரிந்து நின்றது. அடுப்புப் பக்கம் விளிம்பைத் தொட்டது; கதவுப் பக்கம் ஒரு விரல் தாழ்ந்திருந்தது. தூங்கப் போகும்போது மேசை மட்டமாகத்தான் இருந்தது. டம்ளரைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். மறுபடியும் அடுப்புப் பக்கமே ஏறியது. குடித்துவிட்டுக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன்.

வண்டி: தண்ணீர் வேன். ஆட்கள் இருவர். சோணைமுத்து, என் தாய்மாமா, ஓட்டுநர். முத்துராக்கு, நான், பனிக்கட்டி வெட்டவும் குறிப்பு எழுதவும். தொட்டி நிறைந்திருக்கிறது. டயர் நான்கும் சரி. மாமா இன்னும் எழவில்லை.

இதை எடுப்பவர் வேறு வண்டி வரிசையைச் சேர்ந்தவராக இருக்கலாம். அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்தூரம் என்று நாங்கள் எழுதுவது, வண்டிக்கும் எங்களுக்குப் பின்னால் வரும் விடியலுக்கும் நடுவிலுள்ள தூரம். விடியல் மணிக்கு மூன்று கிலோமீட்டர் மேற்கே நடக்கிறது. அது தூங்குவதில்லை. நாங்கள் வேகமாக ஓட்டி முன்தூரம் சேர்ப்போம், பிறகு நின்று தூங்கி அதைச் செலவழிப்போம். இந்தக் கோளை ஒருமுறை சுற்றிவரப் பத்து மாதம் ஆகும். நான் பிறந்ததிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

வரிசை ரோட்டில் போகும். தண்ணீர் வேன் மட்டும் இறங்கிப் பள்ளங்களுக்குப் போய்ப் பனிக்கட்டி வெட்டி நிரப்பிக்கொண்டு, பிறகு ஓடி வரிசையைப் பிடிக்கும். இன்றும் அப்படித்தான்.

மாமாவை எழுப்பப் போகிறேன்.

முன்தூரம் 111 கி.மீ. கிளம்பவில்லை

அடுப்புப் பக்கச் சக்கரங்கள் இரண்டும் பாதி இறங்கியிருக்கின்றன. மேலே ஒரு சாண் உப்புப் பொருக்கு, கல் மாதிரி. கீழே களிமண். அடுப்பின் சூடு தரைத்தகடு வழியாக இறங்கி, நாங்கள் தூங்கும்போது பொருக்கை இளக்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். மாமாவிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்கும்.

மாமா எஞ்சினை முறுக்கினார். சக்கரம் சுற்றியது. வண்டி நகரவில்லை. இன்னும் முறுக்கினார். களி கூரை வரை தெறித்தது.

ரேடியோவில் பேச எனக்கு வராது. பொத்தானை அழுத்தினால் முப்பது வண்டியும் கேட்கும். வரிசையின் கடைசியில் வரும் வால் வண்டியை ஓட்டுகிற எஸ்தர் அக்காவுக்கு இது தெரியும். அதனால் என்னிடம் கேள்வியாகவே கேட்பாள். நான் பொத்தானை மட்டும் தட்டுவேன். ஒரு தட்டு ஆமாம். இரண்டு தட்டு இல்லை.

வால் வண்டி: "ஏட்டி ராக்கு, இன்னும் பள்ளத்துக்குள்ளதான் கெடக்கியளா?"

ஒரு தட்டு.

வால் வண்டி: "ஒங்க மாமன் எந்திரிச்சாச்சா?"

ஒரு தட்டு.

வால் வண்டி: "எந்திரிச்ச பொறவுமா வண்டி கெடக்கு?"

மாமா என் கையிலிருந்து பிடுங்கினார்.

தண்ணீர் வேன்: "எஸ்தரு, ஒன் வாலப் பாத்துக்க. நாங்க இந்தா பொறப்பட்டாச்சு."

முன்தூரம் 96 கி.மீ. எடை குறைப்பு

டயர்களில் பாதிக் காற்றை இறக்கினோம். இறக்கினால் டயர் அகலமாகப் பரவும், கொஞ்சம் மிதக்கும். சக்கரங்களுக்கு முன்னால் தோண்டினோம். வண்டி ஒரு முழம் முன்னால் போய், ஒரு முழம் கீழேயும் போனது.

தொட்டித் தண்ணீரை விட்டுவிடலாம் என்றார் மாமா. வாளியில் பிடித்துத் தூரத்தில் கொண்டுபோய் ஊற்றலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் திருகைத் திறந்துவிட்டார். தண்ணீர் முழுவதும் வண்டிக்கு அடியிலேயே போனது. மாமா என் பக்கம் திரும்பினார்.

"சொல்றதுக்கு என்ன புள்ள? வாயில கொழுக்கட்டையா?"

வரிசையில் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். முன்னால் இன்னும் நீளமாகத் தோண்டு. முன்னால் போர்வையைப் போடு. முன் சக்கரத்தை நேராக்கு. முன்னால் கம்பி நட்டுக் கயிற்றைச் சுற்றி இழு. கம்பியும் நட்டுப் பார்த்தோம். களியிலிருந்து அது பல் விழுவதுபோல வந்தது.

யாரும் உதவிக்கு வர மாட்டார்கள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. முதல் சுற்றில் ஒரு வண்டி மாட்டியது. அதை எடுக்க இன்னொன்று திரும்பிப் போய் மாட்டியது. அதை எடுக்க இன்னொன்று. பதினோரு வண்டிகள் அப்படிப் போயின. வெயில் வந்து கொல்ல நாளாகும். ஆனால் விடியல் தொட்டதுமே தரை முழுக்க இளகிவிடும், பிறகு எந்த வண்டியும் எங்கும் போகாது. அதிலிருந்து இது சட்டம்: எவரும் விடியல் பக்கம் திரும்பக் கூடாது. எல்லா வண்டியிலும் பின்கியருக்குத் தகடு போட்டு ஈய முத்திரை வைத்தார்கள். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிகளைக் கழற்றினார்கள். பின்ஜன்னலுக்குத் தகரம் வைத்துத் திருகினார்கள். இப்போது அது சட்டமாகவும் இல்லை. சின்னப் பிள்ளைகள்கூடக் கிழக்கே பார்த்து உட்கார்ந்து சாப்பிடாது.

வால் வண்டி: "ரோட்டுல நின்னுக்கிட்டுதான் இருக்கேன் ராக்கு. ஒங்களுக்கு முன்னாடி. கூப்புடு தூரந்தான். ஆனா என் காலு அந்தப் பக்கம் திரும்பாது, பாத்துக்க."

ஒரு தட்டு.

முன்தூரம் 75 கி.மீ. காயம்

எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

என் கட்டில் பலகை ஒன்றை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் முன்பக்கம் சொருகினோம். மாமா என்னை ஓட்டச் சொன்னார். அவர் பலகையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குனிந்திருந்தார். நான் மெதுவாகத்தான் முறுக்கினேன். சக்கரம் பலகையைக் கவ்வியது. வண்டி ஏறியது. நிஜமாகவே ஏறியது. பிறகு சக்கரம் பலகையை அப்படியே பின்னால், மாமாவின் காலில், உமிழ்ந்தது.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டன. அவரைக் கதவு வழியாகத் தூக்க முடியவில்லை. போர்வையில் போட்டு இழுத்தேன். பின்னறைக் கட்டிலில் படுக்க வைத்தேன். காலின் ஒரு பக்கம் பெரிய ஸ்பேனர், இன்னொரு பக்கம் சோற்றுக் கரண்டி, சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டினேன். கட்டும்போது கத்தவில்லை. கட்டி முடித்த பிறகு சொன்னார்:

"கரண்டியக் கழுவிட்டுத்தான கட்டுன?"

நான் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

இனி அவர் நடக்க முடியாது. நடக்க முடிந்தாலும், தூங்காமல் நாள்கணக்கில் நடந்து விடியலை ஜெயித்தவர் யாருமில்லை. வண்டி வெளியே வந்தால் இரண்டு பேரும் உண்டு. வராவிட்டால் இல்லை.

முன்தூரம் 51 கி.மீ. தனியாக

தோண்டினேன். ஓட்டினேன். தோண்டினேன். மற்ற மூன்று கட்டில் பலகைகளும் உடைந்துவிட்டன. அரிசிப் பெட்டி, ஐஸ் வாள், மாமாவின் இரும்புப் பெட்டி எல்லாவற்றையும் வெளியே போட்டேன். இரும்புப் பெட்டி விழும் சத்தத்தில் அவர் கேட்டார்:

"அது என்ன சத்தம்?"

"ஐஸ் வாள் மாமா."

"ஐஸ் வாளுக்கு எப்பிடி புள்ள பூட்டுச் சத்தம் கேக்கும்?"

முன் அச்சு தரையைத் தொட்டுவிட்டது. வண்டி மூக்கைக் களிக்குள் விட்டபடி நிற்கிறது. எனக்கு ஓட்டத் தெரியும். இதற்கு மேல் ஓட்டத் தெரியாது.

இங்கே வெளிச்சம் கூடிவிட்டது. உப்பின் மேல் என் நிழல் விழுகிறது. இதற்கு முன் எனக்கு இவ்வளவு கறுப்பாக நிழல் இருந்ததில்லை.

வால் வண்டி: "ராக்கு, நான் பொறப்படணும்ட்டி. புள்ளைய ரெண்டும் வண்டியில இருக்கு. கோவிச்சுக்கிட்டியா?"

இரண்டு தட்டு.

வால் வண்டி: "சாப்பிட்டியா?"

இரண்டு தட்டு.

வால் வண்டி: "சாப்பிடு. மாமனுக்கும் குடு. ரேடியோவ அணைக்காத, எட்டுற வரைக்கும் கத்திக்கிட்டே போறேன்."

ஒரு தட்டு. அவள் பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே போனாள். முப்பது வண்டியும் கேட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

முன்தூரம் 33 கி.மீ. தலைவண்டியின் செய்தி

கொஞ்ச நேரம் தூங்கிவிட்டேன். மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டேதான். விழுந்தபோது விழித்தேன்.

தலைவண்டியிலிருந்து இன்னாசி பேசினார். வரிசைக்கு அவர்தான் பொறுப்பு. குரல் கரகரவென்று வந்தது.

தலைவண்டி: "சோணைமுத்து, ஒன்னும் சொல்றதுக்கில்லப்பா. குறிப்பப் பெட்டியில வச்சிருங்க. ஒரே ஒரு விசயம். பெட்டியப் பூட்ட வேணாம், மூடி மட்டும் போடுங்க. போன சுத்துல ஒரு பெட்டிய ஒடைக்கவே அரை நாளு போச்சு."

மாமா பின்னறையிலிருந்து கத்தினார்: "செத்தாலும் இவனுக்கு வேல வைக்கக் கூடாதாம்!"

எரிந்துபோன வண்டிகளை அடுத்த சுற்றில் கடக்கும்போது குறிப்புப் பெட்டியை எடுப்பது வழக்கம். அப்படித்தான் இதுவும் உங்கள் கைக்கு வரும். போன சுற்றில் அந்தப் பெட்டியை எடுக்க உள்ளே போனது நான்தான். பள்ளி வண்டியிலிருந்து ஏழாவதோடு இறங்கிவிட்டவள் நான். எழுந்து நின்று பதில் சொல்ல வராது, அதனால் இறங்கினேன். ஒல்லியாக இருப்பதால் இந்த மாதிரி வேலைகளுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். நசுங்கிய ஜன்னல் வழியாக உள்ளே போனேன். பயப்பட ஒன்றும் இல்லை. வெறும் சாம்பல்.

இன்னாசி பேசி முடித்த பிறகு அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வண்டியும் மூக்கைத் தரைக்குள் விட்டுத்தான் நின்றது. அதற்கு முந்தியதும் அப்படித்தான். அந்த வண்டியிலிருந்து ரோட்டுக்கு நான் எப்படிப் போனேன் என்று யோசித்தேன். புழுதியில் கால் புதையாமல் இருக்க, வண்டியின் பின்னால் ஓடிய இரண்டு சக்கரத் தடங்களில் ஒன்றின் மேல் நடந்து போனேன். அது செங்கல் மாதிரி இருந்தது. நேராக ரோடு வரை போனது.

எழுந்து கடப்பாரையை எடுத்தேன். வண்டிக்கு முன்னால் குத்தினேன். முழங்கை வரை போனது. பின்னால் போனேன். கிழக்கே பார்க்காமல், குனிந்தபடியே போனேன். நாங்கள் உள்ளே வந்த தடத்தில் குத்தினேன்.

டங் என்றது. கை அதிர்ந்தது.

நிறைந்த தொட்டியோடு இல்லை, காலித் தொட்டியோடு வந்தோம். அப்படியும் வண்டியின் எடை பொருக்கை நொறுக்கி அழுத்தி, குளிரில் இறுக வைத்திருக்கிறது. ரோடு வரை தடம் இருக்கிறது. எங்களுக்குப் பின்னால் இருந்திருக்கிறது, முழு நேரமும்.

முன்தூரம் 24 கி.மீ. ஸ்பேனர்

பின்கியர்த் தகட்டில் நான்கு போல்ட். அந்த அளவுக்கு வண்டியில் ஒரே ஸ்பேனர்தான் உண்டு. அது மாமாவின் காலில் கட்டியிருந்தது.

கட்டை அவிழ்க்கத் தொடங்கினேன். ஸ்பேனருக்குப் பதிலாக உடைந்த பலகைத் துண்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தேன். அவர் விழித்துக்கொண்டார்.

"ஸ்பேனரு எதுக்கு?"

"ஒரு போல்ட்டு மாமா."

"எந்த போல்ட்டு?"

முடிச்சை அவிழ்த்துக்கொண்டே இருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலம் இல்லை, கை கொதித்தது.

"அதத் தொடாத ராக்கு. எங்கய்யா வண்டி, எங்கண்ணன் வண்டி, ஒருத்தரும் தொட்டதில்ல. விடியலுக்கு மூஞ்சி குடுக்கவா என்னய வளத்து விட்டாங்க?"

"மூஞ்சி மேக்காலதான் மாமா இருக்கும். வண்டி பின்னாலதான் போகும். குண்டிதான் அந்தப் பக்கம்."

இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதில்லை.

"இன்னாசிட்டக் கேட்டியா?"

"இல்ல."

"கேளு."

"கேட்டா வேணாம்பாங்க."

கடப்பாரையைப் பற்றிச் சொன்னேன். எரிந்த வண்டிகளைப் பற்றிச் சொன்னேன். எல்லாமே மூக்குப் புதைந்துதான் நிற்கின்றன, ஒன்றுகூடப் பின்னால் வந்து பார்த்ததில்லை என்றேன். அவர் கையை விட்டார். பலகைத் துண்டை வைத்துக் கட்டும்போது கெட்ட வார்த்தையில் திட்டினார், என்னை இல்லை, பொதுவாக.

பிறகு கேட்டார்: "கண்ணாடி கெடயாது. நீ முன்னால ஒக்காந்து முன்னாலதான் பாக்க முடியும். தடத்த விட்டு ஒரு சாண் எறங்குனாலும் முடிஞ்சுது. அப்ப பின்னாடி யாரு பாக்குறது?"

நான் கட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஓ," என்றார்.

முன்தூரம் 9 கி.மீ. பின்பக்கம்

போல்ட் மூன்று கழன்றன. நான்காவதன் தலை மழுங்கிவிட்டது. தகட்டைக் கடப்பாரையால் நெம்பி வளைத்தேன். ஈய முத்திரை சின்னச் சத்தத்தோடு உடைந்தது.

இப்போது சக்கரங்களுக்குப் பின்னால் தோண்டுகிறேன். தடத்தின் கெட்டி வரை சரிவாக வெட்ட வேண்டும். கை இரண்டும் என்னுடையது மாதிரி இல்லை. தோண்டு என்றால் தோண்டுகின்றன. நிறுத்து என்றாலும் தோண்டுகின்றன. உதடு வெடித்துவிட்டது. உப்பு படும்போதெல்லாம் எரிகிறது.

கிழக்கு வானம் முதுகில் தெரிகிறது. பார்க்காமலே தெரிகிறது. பள்ளத்தின் மேல் விளிம்பில் பொருக்கு ஈரமாக மின்னத் தொடங்கிவிட்டது.

மாமா கட்டிலிலேயே திரும்பிப் படுத்துக்கொண்டார். பின்ஜன்னல் தகரத்தை அவரே திருகிக் கழற்றினார். கருப்புக் கண்ணாடி ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் வண்டியில் என்ன, எந்த வண்டியிலும் கிடையாது. வெயிலைப் பார்க்காதவர்களுக்கு அதை யார் செய்து வைப்பார்கள்? என் கருப்புத் தாவணியை நான்காக மடித்துக் கொடுத்தேன்.

ஒத்திகை பார்த்தோம். பின்னோக்கிப் போகும் வண்டிக்குச் சொல்ல எங்களிடம் வார்த்தையே இல்லை. யாரும் சொன்னதில்லை.

"சோத்தாங்கைப் பக்கம்னு சொன்னா அந்தப் பக்கம் ஒடி."

"யாரு சோத்தாங்கை மாமா? நீங்க அந்தப் பக்கம் பாக்குறீங்க, நான் இந்தப் பக்கம்."

"என் சோத்தாங்கை. இல்ல, இரு. ஒன் சோத்தாங்கை. எழவு, ரெண்டு பேருக்கும் ஒரே சோறுதான, கை மட்டும் எப்பிடி மாறுது?"

கடைசியில் இப்படி முடிவு செய்தோம். அடுப்புப் பக்கம் என்றால் அடுப்பு இருக்கும் பக்கம். கதவுப் பக்கம் என்றால் கதவு இருக்கும் பக்கம். அவை யார் எங்கே பார்த்தாலும் மாறாது. நில் என்றால் தகரத்தில் தொடர்ந்து தட்டுவார்.

ரேடியோவில் எஸ்தர் அக்கா மெலிதாகக் கேட்கிறாள். பாட்டா பேச்சா தெரியவில்லை. நான் தட்டினால் அங்கே எட்டுமா என்றும் தெரியவில்லை. தட்டினேன், ஒன்று.

முன்தூரம் 2 கி.மீ.

தோண்டி முடித்தேன். முடியவில்லை, ஆனால் இனித் தோண்டினால் தண்ணீர் ஊறுகிறது.

குறிப்பைப் பெட்டியில் வைத்து மூடி போடுகிறேன். பூட்டவில்லை. இதற்குப் பிறகு எழுத்து ஒன்றும் இல்லையென்றால், தயவுசெய்து வண்டியின் பின்னால் இருக்கும் தடத்தைக் கம்பியால் குத்திப் பாருங்கள். அதை இன்னாசியிடம் சொல்லுங்கள்.

முன்தூரம் இல்லை. ரோடு

டயர்களுக்குக் காற்றேற்றும் நேரத்தில் எழுதுகிறேன். பாதிக் காற்றோடு ரோட்டில் வேகமாகப் போக முடியாது. பம்ப் மெதுவாகத்தான் வேலை செய்கிறது.

வண்டி முதலில் வரவில்லை. முறுக்காமல், காலை மெல்ல எடுத்து, பிடித்து, மறுபடி எடுத்து, ஆட்டி ஆட்டித்தான் வந்தது. மூக்கு களியிலிருந்து ஒரு பெருமூச்சு மாதிரி சத்தத்தோடு வெளிவந்தது. பின்சக்கரம் தடத்தில் ஏறியதை இருக்கையில் உணர்ந்தேன்.

"வா. வா. அடுப்புப் பக்கம் கொஞ்சம். போதும் போதும். வா தாயி. கதவுப் பக்கம். கதவுப் பக்கம் புள்ள, கதவு!"

ஒருமுறை தடத்தை விட்டு இறங்கினேன். தகரத்தில் தட்டினார். முன்னால் ஓட்டித் திரும்ப ஏறினேன். அப்புறம் இன்னொரு முறை. பள்ளத்திலிருந்து ரோடு வரை, முன்னாலே என்றால் பாட்டு ஒன்று பாடி முடிப்பதற்குள் போய்விடலாம். எங்களுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் தாவணி வழியாகத் தடம் தெரியவில்லை என்று எடுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். ரோட்டைப் பார் என்றார். என் முன்னால் ரோடு இல்லை. பள்ளமும் நாங்கள் விட்டுவந்த குழியும்தான் இருந்தன, எல்லாம் ஆரஞ்சு நிறத்தில்.

பின்சக்கரம் ரோட்டில் ஏறியதும் தகரத்தில் தட்டக்கூட இல்லை. "ஆச்சு," என்றார்.

வண்டியை மேற்கே திருப்பி நிறுத்தினேன். ரோடு இன்னும் கெட்டியாக இருக்கிறது. ஓரங்கள் வியர்க்கத் தொடங்கிவிட்டன. விடியலின் விளிம்பு, நகத்தை வெட்டிப் போட்ட அளவுக்கு, ரோட்டின் அந்த முனையில் இருக்கிறது. ஒரு தடவை பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. யாரும் சொன்னதில்லை.

மூன்று டயர் முடிந்ததும் மாமாவுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனேன். இன்னும் ஜன்னலோரமாகவே படுத்திருந்தார். தகரம் மாட்டவில்லை. வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது. தாடியின் ஒவ்வொரு நரையும் எண்ணுகிற மாதிரி தெரிந்தது. டம்ளரை நீட்டினேன். அவர் கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிப் போய்க் காற்றைப் பிடித்தது.

"வெளக்கப் போடு புள்ள. இருட்டுல எங்க குடுக்குற?"

என் கையை அவர் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனேன். நிழல் கண்களைக் கடந்து போனது. இமை அசையவில்லை.

"அதுக்குள்ள இருட்டுக்குள்ள வந்துட்டமா?" சந்தோஷமாகக் கேட்டார். "பறந்துட்ட போ. எஸ்தரு வண்டி வெளக்கு தெரியுதா?"

"தெரியுது மாமா," என்றேன்.

டம்ளரை அவர் கையில் வைத்து விரல்களை மூடினேன். ஜன்னலில் தகரத்தை மாட்டித் திருகினேன். இறங்கிப் போய், நான்காவது டயரில் காற்றுக் குழாயைச் சொருகினேன்.